ராசாத்தி நடந்த ஒரு நிமிடம் ஐம்பது வினாடி

மாதத்துக்கு இரண்டு யோசனை எழுதிப் போடாவிட்டால் பெரியதம்பியின் பெயர் சிவப்புப் பலகையில் ஏறிவிடும். ஓசூர் சிப்காட்டில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் உதிரிபாகம் செய்கிற அந்தக் கம்பெனியில் (பெயர் எதற்கு, அந்த ரோட்டில் நாலு கம்பெனி இப்படித்தான்) சிவப்புப் பலகை கேன்டீன் வாசலில் இருந்தது. சாப்பிடப் போகிற அறுநூற்று நாற்பது பேரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் கை கழுவ வேண்டும். யோசனைக்கு ஜப்பான் பெயர் ஒன்று உண்டு, கைசென். ஜப்பான்காரன் அதை எதற்குக் கண்டுபிடித்தானோ, இங்கே அது ஒரு தாள். தாளின் இடது பக்கம் 'முன்பு', வலது பக்கம் 'பின்பு', அடியில் 'மிச்சமாகும் நேரம்' என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் ஏதாவது ஓர் எண் இல்லாத தாளைக் கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்ளாது.

பெரியதம்பிக்கு ஐம்பத்து மூன்று வயது. கிரைண்டிங் மெஷினில் பத்தொன்பது வருஷம். சொல்வதற்கு இருந்த யோசனையெல்லாம் தீர்ந்துபோய்ப் பல காலம் ஆகிறது. எண்ணெய்க் குவளையை வலது பக்கத்திலிருந்து இடது பக்கத்துக்கு மாற்றினால் இரண்டு வினாடி மிச்சம் என்று ஒரு வருஷம் எழுதினார். மறு வருஷம் இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு மாற்றினால் இரண்டு வினாடி மிச்சம் என்று எழுதினார். இரண்டுக்கும் ஒவ்வொரு சோப்புப் பெட்டி கொடுத்துக் கைகுலுக்கினார்கள்.

2004ஆம் வருஷம் ஆகஸ்ட் கடைசியில், குவளையை வைக்க மூன்றாவது பக்கம் ஒன்று இல்லாமல், அவர் தாளும் கையுமாகக் கேன்டீனில் உட்கார்ந்திருந்தார். அசெம்ப்ளி பிரிவு சூசை எதிரே வந்து உட்கார்ந்தார். சூசைக்கு ஊர் தூத்துக்குடிப் பக்கம். பெண்டாட்டி பிள்ளைகள் ஊரில். இவர் மட்டும் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒற்றை அறையில் பதினோரு வருஷமாகத் தானே பொங்கித் தின்கிறார்.

"என்ன அண்ணாச்சி, தாளு சும்மா கெடக்கு?"

"ஒண்ணுந் தோண மாட்டேங்குது சூசை. நீ என்னா எழுதுன?"

"கக்கூஸ் தாப்பாள கழட்டிட்டா ஆளுக்கு அஞ்சு செகண்டு மிச்சம்னு எழுதிப் போட்டுட்டேன். கழட்டவும் செஞ்சிட்டாவ." சூசை சோற்றைப் பிசைந்தார். "நீங்க அடுத்த மாசம் ஃபவுண்டர்ஸ் டேக்கு அந்தப் படத்தப் போடச் சொல்லி எழுதுங்களேன். வாயத் தொறந்தா அதத்தான சொல்லுதிய."

பெரியதம்பி தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இத்தனை நாளாகத் தனக்கு இது தோன்றவில்லையே என்று இருந்தது.

அந்தப் படத்தின் பெயர் 'எட்டாவது மைல்'. 1971இல் கறுப்பு வெள்ளையில் எடுத்தது. சுரங்கம் வெட்டப் போன புருஷனுக்காக ஒருத்தி எட்டாவது மைல் கல்லில் காத்திருக்கிறாள். இரண்டரை மணி நேரம் காத்திருக்கிறாள். அவன் வரவில்லை. படம் முடிந்துவிடுகிறது. வந்த புதிதில் மூன்று நாள் ஓடியது என்று சிலரும், இரண்டரை நாள்தான் என்று சிலரும் சொல்வார்கள். அதை ஊத்தங்கரைக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் எடுத்தார்கள். வேடிக்கை பார்க்க நின்ற கூட்டத்திலிருந்து பதினாறு வயதுப் பெண் ஒருத்தியைக் கூப்பிட்டு, கிணற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு கேமராவரைக்கும் நடந்து வரச் சொன்னார்கள். வேகமாக வா என்றோ மெதுவாக வா என்றோ யாரும் சொல்லவில்லை. குடம் தளும்ப இருந்ததால் சிந்தாமல் நடந்து வந்தாள். அவள்தான் ராசாத்தி. மூன்று வருஷம் கழித்துப் பெரியதம்பிக்கு வாழ்க்கைப்பட்டாள்.

கல்யாணமான புதிதில் டூரிங் கொட்டகையில் அந்தப் படம் வந்தபோது இரண்டு பேரும் போனார்கள். தான் வருகிற இடம் வந்ததும் ராசாத்தி அவர் தோளில் கிடந்த துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, துண்டின் இழை வழியாகத் தன்னைப் பார்த்தாள். 1993இல் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். குழந்தை இல்லை. கல்யாணத்துக்கு எடுத்த ஒரே போட்டோ, ஓடு ஒழுகிய ஒரு மழையில் டிரங்குப் பெட்டிக்குள்ளேயே வெளுத்து வெறும் அட்டையாகிவிட்டிருந்தது. வோட்டர் கார்டுக்குப் படம் பிடிக்க ஆள் வந்தது அவள் போன இரண்டாம் வருஷம். வரவர அவருக்கு அவள் முகம் மறந்துகொண்டு வந்தது. குரல் இருந்தது, நடை இருந்தது, கோபம்கூட இருந்தது. மூக்கு எப்படி இருக்கும் என்று யோசித்தால் அவளுடைய தங்கச்சி மூக்குதான் வந்து நின்றது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? சூசையிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

அந்தப் படத்தின் பிரதி ஒன்று ஓசூருக்குப் பக்கத்து ஊரான பேரிகையில் இருந்தது. திருவிழாவுக்குத் திருவிழா பதினாறு எம்.எம். படம் ஓட்டிக்கொண்டிருந்த சென்றாயன், தொழில் போனபின் டீக்கடை வைத்து, நான்கு சுருளையும் சர்க்கரை மூட்டைக்குப் பின்னால் போட்டு வைத்திருந்தார். அவரிடம் படம் இருந்தது, மெஷின் இல்லை. கம்பெனியின் டிரெய்னிங் ஹாலில் பழைய மெஷின் இருந்தது, படம் இல்லை. இந்த இரண்டையும் சேர்க்கப் பெரியதம்பி போன்ற ஆளால் ஆகிற காரியமா?

தாளில் எழுதினார். முன்பு: ஃபவுண்டர்ஸ் டே அன்று தொழிலாளர்கள் பேச்சுக் கேட்கிறார்கள். பின்பு: நல்ல படம் பார்ப்பார்கள். காரணம்: தொழிலாளர் மனமகிழ்ச்சி. 'மிச்சமாகும் நேரம்' கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"படம் பாத்தா நேரம் எப்பிடி மிச்சமாவும் சூசை?"

"எதையாச்சும் போடுங்க அண்ணாச்சி. எவம் பாக்கப் போறான்?"

பெரியதம்பியின் டோக்கன் நம்பர் 107. கட்டத்தில் 107 நிமிடம் என்று எழுதிப் பெட்டியில் போட்டார். நாலாம் நாள் அனுமதி வந்துவிட்டது. கம்பெனி பேரிகைக்கு ஜீப் அனுப்பி, நான்கு சுருளையும் சென்றாயனிடமிருந்து விலைக்கே வாங்கி, ஒவ்வொன்றின் மேலும் சொத்து எண் ஒட்டியது. மெஷின் ஓட்டவும் சென்றாயனையே கூப்பிட்டுக்கொண்டது.

செப்டம்பர் பதினேழு, மத்தியானம் மூன்றே முக்காலுக்கு விளக்கை அணைத்தார்கள். முதல் கால் மணி நேரம் அந்தப் பெண் மைல் கல்லில் உட்கார்ந்திருந்தாள். ஒரு வண்டி போனது. நாலைந்து பேர் இருமினார்கள். பிறகு அவள் எழுந்து நின்றாள். "அப்பாடா" என்று யாரோ சொன்னதற்கு ஹாலே சிரித்தது. ஒரு மணி நேரம் கழித்து, தூரத்தில் கிணற்று மேட்டிலிருந்து குடத்தோடு ஒரு சிறு உருவம் இறங்கியது. பெரியதம்பி முன் வரிசை நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். அவள் வந்தாள், வந்தாள், வந்துகொண்டே இருந்தாள். மூக்கு தெரிந்தது. தங்கச்சி மூக்கு இல்லை, நுனி கொஞ்சம் மேலே தூக்கிய மூக்கு. 'அடி பாவி, இதையா மறந்தேன்' என்று அவருக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேக்கிங் பிரிவு வெள்ளைச்சாமி கைக்கடிகாரத்தைப் பார்த்து உச்சுக் கொட்டினான்.

படம் ஆறேகாலுக்கு முடிந்தது. கம்பெனி பஸ் ஐந்தரைக்கே போயிருந்தது.

மறுநாள் கேன்டீன் இரண்டாகப் பிரிந்தது. இதைப் போலப் படம் பார்த்ததில்லை என்று பாதிப் பேர் சொன்னார்கள். அதையே மீதிப் பேரும் சொன்னார்கள், அர்த்தம்தான் வேறு. ஸ்கிராப் யார்டில் சுமை ஏற்றும் கங்கப்பன் அத்திப்பள்ளிக்காரர், தமிழ் அரைகுறை. அவர் சாப்பிடாமல் "அவனு பரலில்ல, அவனு பரலில்ல" என்று, அவன் வரவில்லை என்பதையே கன்னடத்தில் சொல்லித் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். வெல்டிங் பிரிவில் இரண்டு மச்சான்கள் இந்தப் படத்தை வைத்துப் பேச்சு வார்த்தையை நிறுத்திக்கொண்டார்கள். வெள்ளைச்சாமி நேரே பெரியதம்பியிடம் வந்தான்.

"அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. எம் பொண்ணுக்கு மூணு நாளா காய்ச்சலு. பஸ்ஸு போச்சு, உத்தனப்பள்ளிக்கு நான் போய்ச் சேர ஒம்போதாயிருச்சு. அந்தம்மா கொடத்த எடுத்துக்கினு நடக்க நடக்க எனுக்கு எம் பஸ்ஸு போறதுதான் தெரிஞ்சுது. பாதியில எழுந்திரிச்சா அட்டெண்டன்ஸ கட் பண்ணிருவாங்களாம்."

"புள்ளைக்கு இப்ப எப்பிடி இருக்குது?"

"பரவால்லண்ணா."

பெரியதம்பிக்கு அவன்மேல் வருத்தமே வரவில்லை. அவன் சொன்னதில் என்ன தப்பு இருக்கிறது? காய்ச்சல் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு வந்தவனுக்குத் தன் பெண்டாட்டி நடந்து காட்டியது அநியாயம்தான் என்றுகூட நினைத்தார்.

இதோடு விட்டிருந்தால் நாலு நாளில் எல்லாரும் மறந்திருப்பார்கள். ஆனால் படம் முடிந்ததும் எல்லாரிடமும் கருத்துத் தாள் வாங்கியிருந்தார்கள். பத்துக்கு எத்தனை என்று போட வேண்டும். முந்நூற்றுப் பதினொரு பேர் பத்து போட்டிருந்தார்கள். முந்நூற்று ஒன்பது பேர் ஒன்று போட்டிருந்தார்கள். இருபது பேர் தூங்கியதால் போடவில்லை. நடுவில் ஐந்து, ஆறு என்று ஒரு ஈ காக்கை இல்லை. இந்தத் தாள்களைப் பார்த்த மனிதவள மேலாளர் கமலக்கண்ணன் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று கேள்வி. நாலாம் நாள் எல்லாரையும் ஷெட்டில் நிறுத்திப் பேசினார்.

"ஒரு ஷாஃப்ட்ட அறுநூத்தி நாப்பது பேரு அளக்கறீங்க. பாதிப் பேரு பத்து மில்லிங்கறீங்க, பாதிப் பேரு ஒரு மில்லிங்கறீங்க. அப்ப என்ன அர்த்தம்? ஒண்ணு, ஷாஃப்ட் தப்பு. இல்லாட்டி அளக்கறவன் தப்பு. நாம வெளிநாட்டுக்கு ஏத்துமதி பண்ற கம்பெனி. இந்தக் காம்பவுண்டுக்குள்ள ஒரு விஷயத்துல ரெண்டு அபிப்பிராயம் இருக்கறத நான் அனுமதிக்க முடியாது. அபிப்பிராயம் ஒண்ணா இருந்தா அது நல்லதா கெட்டதாங்கறது எனக்குப் பிரச்சினையே இல்ல."

எல்லாரும் கை தட்டினார்கள். கை தட்டலிலாவது ஒற்றுமை இருந்ததில் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

மூலகாரணம் கண்டுபிடிக்கக் குழு அமைந்தது. முதலில் பாஷைதான் காரணம் என்றார்கள். பார்த்தால் கன்னடக்காரரிலும் பாதிப் பாதி, தெலுங்குக்காரரிலும் பாதிப் பாதி. நாற்காலி காரணமா என்று குஷன் நாற்காலியையும் இரும்பு நாற்காலியையும் தனித்தனியாகக் கணக்கெடுத்தார்கள். அதுவும் இல்லை. பிறகு 'ஐந்து ஏன்' முறைக்கு வந்தார்கள். ஒரு கோளாறுக்கு ஏன், ஏன் என்று ஐந்து தரம் கேட்டால் அடிவேர் வந்துவிடும் என்பது அந்த முறை. பத்து போட்டவர்கள் சார்பில் சீட்டுக் குலுக்கி சூசையைக் கூப்பிட்டார்கள். கேள்வி கேட்டது கமலக்கண்ணனே.

"ஏன் பத்து போட்டீங்க?"

"புடிச்சிருந்துச்சு சார்."

"ஏன் பிடிச்சுது?"

"அந்தம்மா காத்துக்கிட்டே இருக்குல்லா சார், அதான்."

"அது ஏன் உங்களுக்குப் பிடிக்கணும்?"

"எம் பொஞ்சாதியும் அப்படித்தான் ஊர்ல உக்காந்திருக்கா சார். அவ எம்புட்டு நேரம் உக்காந்திருக்கான்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

"அவங்க ஏன் அங்க இருக்காங்க?"

"நான் இங்க இருக்கேன்லா."

"நீங்க ஏன் இங்க இருக்கீங்க?"

"நீங்கதான சார் வேல குடுத்திய" என்றார் சூசை.

தாளில் ஐந்தாவது கட்டத்தோடு 'ஏன்' முடிந்துவிட்டது. மூலகாரணம் என்ற இடத்தில் கம்பெனியின் பெயரை எழுதுவதா என்று குழு ஒரு மணி நேரம் யோசித்து, 'தொழிலாளியின் மனநிலை' என்று எழுதி மூடியது.

அந்த வாரமே இன்னொரு வினையும் வந்தது. வருஷாந்திரத் தணிக்கைக்கு வந்தவர்கள் பெரியதம்பியின் தாளை எடுத்துவைத்துக்கொண்டு, 107 நிமிடம் மிச்சமாகும் என்று எழுதிக் கையெழுத்தும் அனுமதியும் ஆகியிருக்கிறதே, அந்த 107 நிமிடம் எங்கே என்று கேட்டார்கள். கமலக்கண்ணனுக்கு விடிவு பிறந்தது. படம் 148 நிமிடம். அதில் 107ஐக் கழித்தால் 41. படத்தை 41 நிமிடமாக்கிவிட்டால் தணிக்கையும் சரியாகிவிடும், தகராறும் தீர்ந்துவிடும், பஸ்ஸும் தவறாது.

வேலை கௌதமிடம் போனது. கௌதம் தொழில் பொறியியல் பிரிவில் புதிதாகச் சேர்ந்த அதிகாரி, கழுத்தில் எப்போதும் ஸ்டாப்வாட்ச் தொங்கும். கெட்டவன் இல்லை. ஒரு மனுஷன் குனிந்து நிமிர எத்தனை வினாடி என்று சொல்லத் தெரிந்தவன், அவ்வளவுதான். மூன்று நாள் ஹாலில் தனியாக உட்கார்ந்து படத்தைத் துண்டு துண்டாக அளந்தான். பேச்சு வந்தால் 'மதிப்பு உண்டு'. சண்டை வந்தால் 'மதிப்பு உண்டு', அந்தப் படத்தில் அது வரவில்லை. மற்றதெல்லாம் 'மதிப்பு இல்லை'. அவனுடைய அட்டவணையைக் கேன்டீன் பலகையில் ஒட்டினார்கள். பெரியதம்பி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் தேடி அறுபத்து மூன்றாவது வரிக்கு வந்தார்.

'பெண் தண்ணீர் கொண்டு வருகிறாள். 1 நிமிடம் 50 வினாடி. மதிப்பு இல்லை. பரிந்துரை: தண்ணீர் வந்துவிட்டதாக வைத்துக்கொள்ளலாம்.'

அன்று ஷிப்டு முடிந்ததும் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு கமலக்கண்ணன் அறைக்குப் போனார். கௌதமும் அங்கே இருந்தான்.

"சாரு, அந்த அறுவத்தி மூணாவது வரி மட்டும் விட்டுருங்க சாரு."

"ஏன், அதுல என்ன இருக்கு?"

சொல்லிவிட்டார். பத்தொன்பது வருஷத்தில் அந்த அறையில் அவர் அவ்வளவு நேரம் பேசியதில்லை. கல்யாணப் போட்டோ வெளுத்ததைச் சொன்னார், மூக்கைச் சொன்னார். சொல்லும்போது கை தன்னாலேயே தன் மூக்கு நுனியைத் தொட்டது. கௌதம் ஸ்டாப்வாட்சைக் கையில் எடுத்து, எதற்கென்று தெரியாமல் மறுபடி தொங்கவிட்டான்.

கமலக்கண்ணன் உண்மையாகவே உருகிப்போனார். "பெரியதம்பி, எனக்கும் குடும்பம் இருக்கு. உங்க உணர்வ நான் மதிக்கிறேன். அதனாலதான் சட்டுனு முடியாதுன்னு சொல்லாம கணக்குப் போட்டுப் பாக்கறேன்." கால்குலேட்டரை எடுத்தார். "அறுநூத்தி நாப்பது பேரு. இதுல எத்தன பேரோட சம்சாரம் இந்தப் படத்துல வர்றாங்க? ஒருத்தர். பாய்ன்ட் ஒண்ணு அஞ்சு சதவீதம். நம்ம கம்பெனில அஞ்சு சதவீதத்துக்குக் கீழ இருந்தா அதப் பிரச்சினையாவே எடுத்துக்கறதில்ல. உங்களுக்காக இத மாத்துனா நாளைக்கு இன்னொருத்தர் வந்து எங்கம்மா வர்றாங்கம்பாரு."

"அப்பிடி யாரும் இல்லீங்களே சாரு."

"அதத்தான் நானும் சொல்றேன். யாருமே இல்ல." கால்குலேட்டரை மூடினார். "இன்னொண்ணு, நூத்தி ஏழு நிமிஷம்னு எழுதுனது யாரு? நாங்களா? நீங்க ஒரு நூறுன்னு எழுதியிருந்தா ஏழு நிமிஷம் கையில இருந்திருக்கும். உங்க சம்சாரம் மூணு தடவ நடந்திருக்கலாம்."

அது தன் டோக்கன் நம்பர் என்று பெரியதம்பி சொல்ல நினைத்து, அதைச் சொன்னால் பொய்க் கணக்கு எழுதியதற்கு வேறு மெமோ வரும் என்று பயந்து வெளியே வந்தார். அந்த பயத்துக்காக அவர் தன்னை நாள்கணக்காகத் திட்டிக்கொண்டார்.

வெட்டியது சென்றாயன்தான். கௌதம் அட்டவணையைப் படிக்கப் படிக்க, அவர் கத்தரிக்கோலால் நறுக்கி ஒட்டினார். பிறகு ஒரு நாள் பெரியதம்பியிடம் சொன்னார்: "எனுக்குத் தெரியாதுண்ணா. தெரிஞ்சிருந்தா சக்கர மூட்டைக்குப் பின்னாடியே வச்சிருப்பன், ஜீப்பு வந்தா எலி தின்னுருச்சுன்னு சொல்லியிருப்பன்."

அக்டோபர் பதினைந்தாம் தேதி 41 நிமிடப் படத்தைத் திரையிட்டார்கள். அதில் ஒரு பெண் மைல் கல்லுக்கு வந்தாள், "இன்னும் வரலையா?" என்று மாமியார் கேட்டாள், "இல்லை" என்றாள், உடனே "இன்னும் வரலையா?" என்று இன்னொரு உடையில் கேட்டாள், "இல்லை" என்றாள். இப்படியே கேட்டுச் சொல்லிப் படம் முடிந்தது. யாரும் அழவில்லை, யாரும் தூங்கவில்லை. கருத்துத் தாளில் முந்தைய தடவை நடந்த விசாரணையை நினைத்து எல்லாரும் ஏழு போட்டார்கள். அறுநூற்று நாற்பது ஏழு. பெரியதம்பியும் ஏழுதான் போட்டார். சாப்பிடாமல் தலையாட்டிய கங்கப்பனும் ஏழு போட்டார், கடிகாரம் பார்த்த வெள்ளைச்சாமியும் ஏழு போட்டான்.

கமலக்கண்ணன் மேடை ஏறினார். "நான் இருபது வருஷமா இந்த நாளுக்காகத்தான் வேலை பார்த்தேன். மாறுபாடு பூஜ்யம். ரசனையிலேயே பூஜ்யம் கொண்டுவந்துட்டோம்னா மத்ததெல்லாம் என்ன பெரிய விஷயம்? இந்த சாதனைக்கு யோசனை கொடுத்தவர் நம்ம பெரியதம்பி."

வருஷத்தின் சிறந்த கைசென் என்று சான்றிதழும் ஒரு ஹாட்பேக்கும் கொடுத்தார்கள். அவர் பெயர் பாராட்டுப் பெற்றவர்களுக்கான பச்சைப் பலகையில் ஏறியது. பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவர், "வெட்டுனத எங்க போட்டீங்க?" என்று கேட்டார். எல்லாரும் நகைச்சுவை என்று சிரித்தார்கள். ஸ்கிராப்புக்குப் போய்விட்டது என்று கௌதம் மட்டும் மெதுவாகச் சொன்னான்.

ஹாட்பேக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் ஸ்கிராப் யார்டுக்கு ஓடினார். காலையிலேயே லாரி போயிருந்தது. பழைய படச் சுருளைக் காய்ச்சி வெள்ளி எடுக்கிறவர்கள் பெங்களூரில் இருக்கிறார்களாம், அதற்குத்தான் போகிறது என்று கங்கப்பன் அரைத் தமிழில் சொன்னார். பெரியதம்பி விஷயத்தைச் சொன்னதும் வாயில் கையை வைத்துக்கொண்டார். பிறகு கழிவு போடுகிற மஞ்சள் தொட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தார். இருவரும் மண்டியிட்டுத் தேடினார்கள். இரும்புத் தூளுக்கும் எண்ணெய்த் துணிக்கும் நடுவில் ஆறேழு துண்டு கிடந்தன. ஒவ்வொன்றாக வெயிலில் பிடித்துப் பார்த்தார்கள். வெறும் ரோடு, வெறும் மரம், வெறும் வானம். கடைசித் துண்டு ஒன்றேகால் முழம் இருக்கும். அதில் சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவுக்கு, குடத்தோடு, முகம் தெரிய, ராசாத்தி இருந்தாள்.

துண்டைச் சுருட்டி டிபன் பாக்ஸில் வைத்தார். கேட்டில் தெலுங்குக்கார செக்யூரிட்டி வெங்கடப்பன் நின்றார்.

"டிபன் பாக்ஸு தொறண்ணா." திறந்ததும் அவர் முகம் மாறியது. "ஏமண்ணா இது? கேட் பாஸ் ஏதி?"

"என் சம்சாரம்ப்பா."

வெங்கடப்பனுக்குப் புரியவில்லை. கேமரா வேறு மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. எழுதிக்கொண்டார்.

விசாரணை ஒரு வாரம் நடந்தது. கமலக்கண்ணனுக்கு இதிலும் ஒரு சிக்கல். திருட்டு என்றால் பொருளின் மதிப்பை எழுத வேண்டும். கம்பெனியின் சொந்த அட்டவணையில் அதற்கு மதிப்பு இல்லை என்று இருக்கிறது. ஒரு இரவு யோசித்துவிட்டு வந்து தீர்ப்புச் சொன்னார்.

"ஒரு பொருளுக்கு மதிப்பு இல்லைன்னு முடிவு பண்ற அதிகாரம் கம்பெனிக்குத்தான். மதிப்பு இருக்குன்னு முடிவு பண்ற அதிகாரமும் கம்பெனிக்குத்தான். நீங்க அத உங்க கையில எடுத்துக்கிட்டீங்க. அதான் குற்றம். மூணு நாள் சஸ்பென்ஷன்."

"சாரு, மூணு நாள முப்பது நாளாக்கிக்கங்க. அத மட்டும் எனுக்குக் குடுத்துருங்க."

"அது சான்றுப் பொருள். அதக் குடுத்துட்டா நீங்க தப்புப் பண்ணுனதுக்கு என்ன அத்தாட்சி?"

பெரியதம்பியின் பெயர் ஒரே நாளில் பச்சைப் பலகையிலும் சிவப்புப் பலகையிலும் இருந்தது. படத்துண்டு அவருடைய பணிக் கோப்பில் சேர்ந்தது. கோப்பில் சேர்க்கிற எதிலும் இரண்டு ஓட்டை போட்டுக் கயிறு கோர்க்க வேண்டும் என்பது விதி. பெர்சனல் ஆபீஸ் கிளார்க் ஜெயசெல்வி அந்தத் துண்டை வெளிச்சத்தில் பிடித்து வெகு நேரம் பார்த்துவிட்டு, மண்ணும் கீறலும் விழுந்த ஓரத்தில் ஓட்டை போட்டாள். துண்டில் வரிசையாக இருந்த எண்பது சின்னப் படத்தில் இரண்டு போயிற்று. மிச்சம் எழுபத்தெட்டு. திரையில் ஓட்டினால் மூன்று வினாடிக்கு வரும்.

அந்த ஜெயசெல்விதான் விதிப் புத்தகத்தைப் புரட்டி வழி கண்டுபிடித்தவள். தொழிலாளி வருஷத்துக்கு ஒரு முறை தன் பணிக் கோப்பைப் பத்து நிமிடம் பார்வையிடலாம். காரணம் எழுத வேண்டும். அவர் எழுதிய காரணத்தைக் கமலக்கண்ணன் திருப்பி அனுப்பினார், பட்டியலில் இருக்கிற காரணமாக இருக்க வேண்டுமாம். பிறந்த தேதித் திருத்தம், விடுப்புக் கணக்கு, குடும்ப விவரம் சரிபார்த்தல் என்று மூன்று இருந்தன. மூன்றாவதற்கு நேரே டிக் அடித்தார்.

2005 ஜனவரியில் ஒரு நாள், மத்தியானம் மூன்றரைக்கு, ஜெயசெல்வி கோப்பைக் கொண்டுவந்து ஜன்னலோரம் வைத்து, நேரத்தைக் குறித்துக்கொண்டாள். பெரியதம்பி கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்திருந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, துண்டின் நுனியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து முதல் படத்தைப் பார்த்தார். பிறகு இரண்டாவது. பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். குடத்தின் விளிம்பில் தண்ணீர் ஒரு நூல் மேலே வந்திருப்பதும், அடுத்ததில் காதோர மயிர் ஒன்று அசைந்திருப்பதும் அவருக்குத் தெரிந்தது. ஒரு இடத்தில் நிறுத்தி மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயசெல்வி தட்டச்சை நிறுத்திவிட்டாள்.

"டைம் ஆயிருச்சுண்ணா" என்றாள் கடைசியில். "எத்தன பாத்தீங்க?"

"பதினாறும்மா."

"அய்யோ, இன்னும் அவ்ளோ இருக்கே. சட்டுனு மிச்சத்தப் பாத்துருங்கண்ணா. நான் பத்து நிமிஷம் தள்ளிக் குறிச்சுக்கறேன், யாரும் வர மாட்டாங்க."

பெரியதம்பி துண்டைச் சுருட்டி உறைக்குள் வைத்தார்.

"வாணாம்மா. எனுக்கு ரிட்டயர்டாக அஞ்சு வருசம் இருக்குது. அதுவரைக்கும் வரணுமில்ல" என்றார்.

ஜெயசெல்வி மனதுக்குள் எழுபத்தெட்டை ஐந்தால் வகுத்துப் பார்த்தாள். பிறகு கோப்பை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். அவர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு மெஷினுக்குத் திரும்பிப் போனார்.